அளக்காத வீட்டுக்கு எதற்குப் பெரிய ரூட்டர்?

பின்னறையில் நெட் சுத்துகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற பதில் செலவில்தான் போய் முடிகிறது. "நூறு பத்தாது சார், எரநூறு ப்ளானுக்கு மாறிடுங்க" என்பார் கேபிள்காரர். "நாலு ஆன்டெனா வச்சது இருக்கு, ஆறு வச்சதும் இருக்கு, எது காட்டட்டும்?" என்பார் கடைக்காரர். அலுவலகத்தில் கணினி விவகாரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரைக் கேட்டால் ஒரு பூஸ்டர் மாட்டச் சொல்வார். எதையும் வாங்குவதற்கு முன்னால், ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த அறையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிடலாமே என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆப் விளையாட்டு. ஃபோன் காட்டுறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று மூவரும் ஒரே குரலில் மறுப்பார்கள்.

இந்தக் கருத்து தவறு. நடுத்தரக் குடும்பங்களின் காசை மாதாமாதம் கரைக்கிற தவறு. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீடுகளில் வைஃபை சரியாக வராததற்குப் பெரும்பாலும் காரணம், ரூட்டர் உட்கார்ந்திருக்கும் இடமும் அதற்கும் நமக்கும் நடுவில் நிற்கும் சுவர்களும். அதைக் கண்டுபிடிக்கச் சட்டைப் பையில் இருக்கிற ஃபோன் போதும். ஃபோனின் அளவீட்டில் துல்லியம் இல்லை என்று சொல்லும் பொறியாளர்கள் உண்மையான ஒரு குறையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவு தவறு.

ப்ளானிலிருந்து ஆரம்பிப்போம். நாம் பணம் கட்டுவது, ஃபைபர் வழியாக வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி வரை வந்து சேரும் வேகத்துக்கு. அந்தப் பெட்டியிலிருந்து கட்டில் வரை வருவது வேறு கணக்கு. இணைப்போடு சேர்த்துத் தரப்படும் பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ளவை இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆன்டெனா உள்ள மலிவு விலை ஃபோன் 802.11என் என்ற வைஃபை முறையில் பேசினால், ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் லிங்க் ஸ்பீட், அதாவது ஃபோனும் ரூட்டரும் பேசிக்கொள்ளும் வேகம், 72 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. பேச்சுவார்த்தைக்கும் காத்திருப்புக்கும் போவது போக, கைக்குக் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. இரண்டு சுவர் தள்ளிப் போய்விட்டால் லிங்க் ஸ்பீடே ஒற்றை இலக்கம் வரை இறங்கிவிடலாம். இந்த நிலையில் நூறை இருநூறாக்கினால் அந்த அறைக்கு ஒரு மெகாபிட் கூட அதிகமாக வராது. பில் மட்டும் ஏறும். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் பெயரைத் தட்டினால் லிங்க் ஸ்பீட் தெரியும். பின்னறையில் நின்று அதைப் பார்க்கட்டும். அங்கே 6 என்றோ 13 என்றோ இருந்தால், எந்த ப்ளான் விளம்பரமும் அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

"ஆனா சிக்னல் ஃபுல்லா காட்டுதே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோடுகளை நம்பியதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலில் பல ஆண்டுகள் இருந்த கணக்கு இது: −100 டிபிஎம்மை (சிக்னல் பலத்தின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) அடிமட்டமாகவும் −55ஐ உச்சமாகவும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளதைச் சமமாகப் பங்கிட்டுக் கோடு வரைவது. −55ஐத் தொட்டுவிட்டால் எல்லாக் கோடும் நிரம்பிவிடும். ரூட்டரை ஒட்டி நின்று −30 வாங்கினாலும் அதே முழுக் கோடுதான். இரண்டுக்கும் நடுவில் 25 டெசிபெல் இருக்கிறது. டெசிபெல் என்பது மடக்கை அளவு: 3 கூடினால் ஆற்றல் இரு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு, 25 கூடினால் முன்னூறு மடங்குக்கும் மேல். அத்தனை பெரிய இடைவெளியை ஒரே படமாகக் காட்டும் கோடுகளை வைத்து ரூட்டரை எங்கே வைப்பது என்று எப்படி முடிவெடுப்பது? பின்னால் வந்த பதிப்புகளில் இந்த எல்லைகளை ஃபோன் தயாரிப்பாளர்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அதனால் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா ஃபோனில் மூன்று கோடும் தம்பி ஃபோனில் நான்கு கோடும் தெரிவது சாதாரணம்.

கோடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. −50ஐவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் கவலையே வேண்டாம். வீடியோ அழைப்பும் குரல் அழைப்பும் தடுமாறாமல் ஓட −67 என்பதை நெட்வொர்க் அமைப்பவர்கள் நீண்ட நாளாக எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். −75ஐத் தாண்டினால் படம் உடைய ஆரம்பிக்கும். −80க்குக் கீழே இணைப்பு இருப்பதாகக் காட்டும், வேலை நடக்காது. அந்த எண்ணைக் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர், வைஃபைமேன் போன்றவை போதும். ஐஃபோனில் ஆப்பிள் மற்ற ஆப்களுக்கு இந்த எண்ணைத் திறந்துவிடுவதில்லை. ஆனால் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பை இறக்கி, ஃபோன் செட்டிங்ஸில் அதன் பக்கத்துக்குப் போய் வைஃபை ஸ்கேனரை இயக்கிவிட்டால் அதிலும் தெரியும்.

இனி பொறியாளர்களின் மறுப்புக்கு வருகிறேன். கடைக்காரர் சொல்வதைவிட இது கனமானது. அவர்கள் சொல்வது இதுதான்: ஃபோனில் தெரியும் எண் ஒரு கருவியின் அளவீடு அல்ல, சிப் செய்தவரின் மதிப்பீடு. 802.11 தரநிலை இந்த அளவுக்கு 0 முதல் 255 வரை இடம் ஒதுக்கியதே தவிர, எந்த எண் எத்தனை மில்லிவாட்டுக்குச் சமம் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு சிப் நிறுவனமும் தன் போக்கில் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டது. ஒரே மேசை மேல் இரண்டு ஃபோனை வைத்தால் ஐந்தாறு டெசிபெல் வித்தியாசம் வரும். ஆகவே முறையாக ஆய்வு செய்ய எகஹாவ் மாதிரித் தொழில்முறை மென்பொருளும் அதற்கென்றே செய்த கருவியும் வேண்டும் என்கிறார்கள்.

முதல் பாதி முழுக்க உண்மை. ஆனால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி என்ன? ஹாலில் வருவதைவிடப் பின்னறையில் எவ்வளவு குறைகிறது, எந்தச் சுவரைத் தாண்டும்போது குறைகிறது, ரூட்டரை இடம் மாற்றினால் எவ்வளவு மீள்கிறது. மூன்றுமே வித்தியாசம் பற்றிய கேள்விகள். ஒரே ஃபோனை, ஒரே மாதிரிப் பிடித்து, ஒரே நாளில் வீடு முழுக்க நடந்தால், அந்த ஃபோனில் உள்ள பிசகு எல்லா அறையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஓர் எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது அது கழிந்துபோய்விடும். மளிகைக் கடைத் தராசு இருபது கிராம் தள்ளிக் காட்டினாலும், இரண்டு மூட்டையில் எது கனம் என்பதில் அது பொய் சொல்லாது.

இன்னொன்றையும் அவர்கள் கவனிப்பதில்லை. அந்த அறையில் இணையத்தைப் பயன்படுத்தப் போவது ஆய்வுக் கருவி இல்லை, அதே ஃபோன்தான். அதன் சிறிய ஆன்டெனா, அதன் உறை, அதைப் பிடிக்கும் கை எல்லாம் சேர்ந்து எவ்வளவு வாங்குகிறதோ அதுதான் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சிக்னல். ஐந்து டெசிபெல் குறைவாக வாங்கும் ஃபோன் ஐந்து குறைத்துக் காட்டினால், அதுவும் தேவையான தகவல்தான்.

வரலாறும் என் பக்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் ரேடார் என்று பெயரிட்ட ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்டிடத்துக்குள் வயர்லெஸ் சிக்னல் எங்கே எவ்வளவு என்று வரைபடமாக்கி, அதைக் கொண்டே ஓர் ஆள் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கண்டுபிடிக்கும் முயற்சி அது. தளத்தின் அளவு 43.5 மீட்டருக்கு 22.5 மீட்டர், ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள். 70 இடங்களில், ஒவ்வொன்றிலும் நான்கு திசை பார்த்து நின்று அளந்தார்கள். கடையில் கிடைத்த வயர்லெஸ் கார்டுகளே அவர்களுக்குப் போதுமாக இருந்தன. அந்த வரைபடத்தை வைத்து ஆள் நிற்கும் இடத்தை இரண்டு மூன்று மீட்டர் பிசகில் சொல்ல முடிந்தது. சாதாரண கார்டு தந்த எண்ணை வைத்து, அத்தனை அறைகள் கொண்ட தளத்தில் மனிதர் நிற்கும் இடத்தையே சொல்ல முடிந்தது என்றால், மூன்று அறை வீட்டில் ரூட்டரை எங்கே வைப்பது என்று சொல்ல முடியாதா?

அதே ஆய்வு இன்னொன்றையும் எடுத்துக்காட்டியது. ஆள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்து, ஒரே இடத்தில் 5 டெசிபெல் வரை மாறுகிறது. நம் உடம்பின் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலைகளை விழுங்கும். ரூட்டருக்கு முதுகைக் காட்டி நின்று, ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அளந்தால், சுவரின் குறையோடு நம் உடம்பின் குறையும் சேர்ந்து எண்ணாகிவிடும். ஃபோன் அளவீடு தினமும் மாறுகிறது, நம்ப முடியாது என்று கைவிட்டவர்கள் பலரும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள். ஃபோனைக் கைவிடுவதற்கு முன்னால் அளக்கும் முறையைத் திருத்திப் பார்த்திருக்கலாம்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. நேராக வரும் அலையும், சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று மோதி, ஓரிடத்தில் கூடும், நான்கு விரல் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ஒரு புள்ளியில் நின்று ஒரே எண்ணை எழுதிக்கொள்வது வீண். கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரடி ஈரடி மெதுவாக நகர்ந்து, நான்கு பக்கமும் திரும்பி, எண் எதற்கும் எதற்கும் நடுவில் ஆடுகிறது என்று பார்த்து, நடுமதிப்பை எழுத வேண்டும். ஆப் சொல்வது உடனுக்குடன் மாறாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் ஆப் கூட இரண்டு நிமிடத்தில் நான்கு முறைதான் சுற்றிலும் உள்ள நெட்வொர்க்குகளை ஸ்கேன் செய்யலாம். அடுத்த அறைக்குப் போனபின்னும் சில ஆப்கள் பழைய அறையின் எண்ணையே காட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம். தற்போது இணைந்திருக்கும் ரூட்டரின் எண்ணை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆப்பைத் திறந்ததும் லொகேஷன் அனுமதி கேட்கும். சிலர் பயந்து மூடிவிடுகிறார்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் வைஃபை ஸ்கேன் செய்ய இந்த அனுமதி தேவைப்படுகிறது. சுற்றிலும் உள்ள ரூட்டர்களின் பட்டியலே நாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு. பயன்படுத்தும்போது மட்டும் என்று அனுமதித்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவிட்டால் சரி.

வீட்டுப் படத்தின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டித் தரும் ஆப்களும் இருக்கின்றன. அந்த அழகில் மயங்க வேண்டாம் என்பேன். நாம் நடந்த இடத்தில்தான் அது அளந்தது. நடக்காத இடத்துக்கும், பக்கத்து எண்களைக் கொண்டு தானாகவே வண்ணம் பூசிவிடுகிறது. நடுவில் ஒரு சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. ஹாலில் மட்டும் சுற்றிவிட்டு வந்தால் அடுப்படியையும் பச்சையாக்கிக் காட்டும். ஒரு வெள்ளைத் தாளில் வீட்டைக் கோடு போட்டு, ஒவ்வொரு அறையிலும் இரண்டு மூன்று எண்களைப் பேனாவால் எழுதுவதுதான் எனக்கு நம்பிக்கையான வரைபடம். பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி, தண்ணீர் டிரம் இவற்றையும் அதில் குறித்துவிட வேண்டும். சிக்னலைத் தின்பதும் திருப்பி அடிப்பதும் இவைதான்.

மதுரையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இப்படி ஒரு தாள் போட்டோம். நீளமான பழைய வீடு; வாசலை ஒட்டி ஹால், அடுத்து நடு அறை, அதற்குப் பின்னால் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அறை. சுவர் எல்லாம் ஒன்பது இஞ்சு. ஃபைபர் வாசல் பக்கமாக உள்ளே வந்ததால் பெட்டியும் அங்கேயே, டிவிக்குப் பின்னால் ஷோகேஸுக்குள் உட்கார்ந்திருந்தது. "ரெண்டு தடவ ப்ளான் மாத்தியாச்சு தம்பி, புள்ளைக்கு கிளாஸ் பாதில நின்னு போகுது" என்றார் அக்கா. அளந்தோம். ஹால் சோபாவில் −48. நடு அறை வாசலில் −60. அந்த அறைக்குள் நான்கு எட்டு வைத்ததும் −72. பின்னறை மேசையில் −81க்கும் −84க்கும் நடுவில் ஆடியது. நடு அறைக்குள் ஏன் அப்படி ஒரேயடியாக விழுகிறது என்று தாளைப் பார்த்தபோது விடை தெரிந்தது. டிவியிலிருந்து மேசைக்கு நேர்க்கோடு போட்டால் அது நடு அறையின் இரும்பு பீரோவைக் குத்திக்கொண்டு போகிறது. இரும்புத் தகட்டுக்குள் இந்த அலை நுழையாது.

ஹாலுக்கும் நடு அறைக்கும் இடையிலான நிலைவாசலுக்கு மேலே, ஏழடி உயரத்தில், ரூட்டரை மாட்டலாம் என்று முடிவானது. பெட்டியை நகர்த்த நீளமான ஃபைபர் இணைப்புக் கம்பி (பேட்ச் கார்டு) ஒன்று வேண்டியிருந்தது. கேபிள்காரர் முதலில் தயங்கினார். தாளில் இருந்த எண்களைக் காட்டியதும் ஏணியைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டார். அதன்பின் பின்னறை மேசையில் −65. பதினாறு டெசிபெல்லுக்கு மேல் மீண்டது. ஆற்றல் கணக்கில் நாற்பது மடங்கு. புது ரூட்டர் வாங்கவில்லை, பூஸ்டர் வாங்கவில்லை, ப்ளான் பழையபடி கீழே இறங்கியது. அந்த வீட்டுக்கு முன்னரே ப்ளானை உயர்த்திவிட்டவர் யாரும் பின்னறை வரை நடந்து பார்த்ததில்லை.

ஆன்டெனா எண்ணிக்கைக்கு வருகிறேன். பெரிய ரூட்டர் டப்பா மேல் இத்தனை ஆயிரம் சதுர அடிக்கு வரும் என்று அச்சடித்திருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தப் பலகைச் சுவரைத் தாண்ட அலைக்கு மூன்று நான்கு டெசிபெல் செலவு. நம் ஒன்பது இஞ்சு செங்கல் சுவருக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளத்துக்கு இன்னும் அதிகம். மாடியில் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் தங்கள் தளத்தின் கனத்தை நினைத்துக்கொள்ளட்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தச் செலவு இன்னும் கூடுதல், வெட்டவெளியிலேயே 2.4ஐவிட ஆறேழு டெசிபெல் குறைந்துதான் வந்து சேரும். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பட்டையின் பெரும்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டபின் கடைகளில் "5ஜி வைஃபை" என்று கூவி விற்கிறார்கள். ஒரே அறைக்குள் அது அருமையானது, மறுப்பில்லை. இரண்டு சுவர் தாண்டி அதை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். எந்தச் சுவர் வரை 5 நன்றாக இருக்கிறது, எங்கிருந்து 2.4 தேவை என்பதையும் அந்தத் தாள்தான் காட்டும். இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனியாக ஒரு சுற்று நடந்தால் தெரிந்துவிடும்.

அதிக சக்தி உள்ள ரூட்டர் என்ற விற்பனைப் பேச்சில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. வைஃபை இருவழிப் பேச்சு. ரூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஃபோன் "வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். ஃபோன் பேட்டரியில் ஓடுவது, அதன் குரல் பொதுவாக ரூட்டரைவிடச் சன்னமானது. ரூட்டரின் அனுப்பும் சக்தியை மட்டும் கூட்டினால், ஃபோனில் கோடுகள் நிரம்பும். ஃபோன் சொல்லும் பதில் ரூட்டருக்கு எட்டாது. வீடியோ அழைப்பில் எதிராளி முகம் தெளிவாகத் தெரிந்து, நம் முகம் அவருக்கு உறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். ரூட்டரை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு திசையிலும் சேர்ந்து கூடும். எத்தனை ஆன்டெனா உள்ள பெட்டியாக இருந்தாலும், அதை ஷோகேஸுக்குள் மூலையில் வைத்துவிட்டால் அதன் திறமை பாதிக்கு மேல் சுவருக்கே போகும்.

பூஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சிக்னல் செத்துப்போன அறையில் மாட்டுவதுதான் பொதுவான வழக்கம். அங்கே அது வாங்குவதே −80 என்றால், அந்த நொந்த சிக்னலைத்தான் திரும்ப முழங்கும். கோடு நிரம்பும், வேகம் வராது. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்பும் மலிவு பூஸ்டர்கள் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடவும் செய்யும். பூஸ்டர் வேண்டியே தீரும் வீடுகள் உண்டு, முக்கியமாக மாடி வீடுகள். அங்கேயும் −60களில் சிக்னல் வாங்கும் நடுவிடத்தைத் தேடி அதில்தான் மாட்ட வேண்டும். அந்த நடுவிடம் எங்கே என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இந்த வரைபடத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிக்னல் −45 இருந்தும் நெட் இழுக்கிற வீடுகள் இருக்கின்றன, முக்கியமாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். சுற்றியுள்ள முப்பது வீட்டு ரூட்டரும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்தால், ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். சிக்னல் பலம் அந்தக் காத்திருப்பைக் காட்டாது. ஆனால் இதையே காட்டி வரைபடத்தை நிராகரிப்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நோய் சுவரிலா, நெரிசலிலா, லைனிலா என்று பிரித்துச் சொல்வது அந்த முதல் அளவீடுதான். மேசையில் −48 இருந்தும் வேகம் இல்லையென்றால், சுவரைக் குறை சொல்ல வேண்டாம், சேனலைப் பாருங்கள், 5க்கு மாறுங்கள். ரூட்டரில் கேபிளைச் செருகி மடிக்கணினியில் பார்த்தாலும் வேகம் இல்லையென்றால், லைனைப் பாருங்கள். −82 இருந்தால் வேறு எதைப் பார்ப்பதும் நேர விரயம். ஒரு மணி நேரத்தில், காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பிரிவினையை விட்டுவிட்டு மூன்றுக்கும் ஒரே மருந்தாகப் புது ரூட்டரை எழுதிக்கொடுக்கும் ஆலோசனையை எப்படி ஏற்பது?

கேபிள்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. வெயிலில் கம்பம் ஏறி, நாளுக்கு இத்தனை இணைப்பு என்ற நெருக்கடியில் ஓடுகிறவர்கள் அவர்கள். அவர்களை அனுப்பும் நிறுவனங்களின் நடைமுறைதான் என்னைக் கோபப்படுத்துகிறது. புது இணைப்புக் கொடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஃபைபரைப் பெட்டியில் செருகுவதற்கு முன், கைக்கு அடக்கமான ஒரு பவர் மீட்டரில் அதைச் செருகி, திரையில் தெரியும் எண்ணைப் பார்ப்பார்கள். −19, −21 என்று வரும். −27ஐ நெருங்கினால் ஒட்டை அவிழ்த்து மறுபடி ஒட்டுவார்கள். அந்த எண்ணின் அலகும் டிபிஎம்தான். பல கிலோமீட்டர் தள்ளியுள்ள மையத்திலிருந்து நம் வாசல் வரை ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் கணக்கு வைக்கிறவர்கள், வாசலிலிருந்து கட்டில் வரையுள்ள கடைசிப் பத்து மீட்டரை அளக்காமலே போகிறார்கள். வீட்டுக்காரர் பணம் கொடுப்பது அந்தப் பத்து மீட்டரையும் தாண்டி வருகிற இணையத்துக்கு.

இணைப்புக் கொடுத்ததற்கு நிறுவனங்கள் தரும் சீட்டில் இன்னும் நான்கு கட்டங்கள் சேர்ப்பது கடினமான காரியம் இல்லை: ஹால், படுக்கையறை, பின்னறை, மாடி. ஒவ்வொன்றிலும் அந்தத் தொழிலாளி தன் ஃபோனில் பார்த்த டிபிஎம் எண்ணை எழுதட்டும். −67க்கு மேலே இல்லாத அறை இருந்தால், பெட்டியை எங்கே மாட்டலாம் என்று அப்போதே வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்யட்டும். அதற்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கும் பேட்ச் கார்டுக்கும் நிறுவனம் அவருக்குத் தனியாகக் கூலி கொடுக்கட்டும். ப்ளானை உயர்த்தச் சொல்லி அழைக்கும் கால் சென்டர் பணியாளரும் முதலில் அந்தச் சீட்டில் உள்ள எண்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இந்த ஏற்பாடு வரும் வரை, சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களே கேட்க வேண்டும்: "தம்பி, கொஞ்சம் பின்னறைக்கு வந்து, உங்க ஃபோன்லயே எவ்வளவு காட்டுதுன்னு பாத்து எழுதிட்டுப் போங்க."